கரையான் தின்ற அடி

அரிமளத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு சமஸ்கிருதப் பண்டிதரின் அச்சேறாத கவிதைகளைப் பதிப்பிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அவர் மகன் என்னை அப்பாவின் அறையில் உட்காரவைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

"உள்ள அம்மா படுத்திருக்காங்க. அப்பா போனதுலேர்ந்து பேச்சே இல்லைங்க. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க."

நல்ல வெயில் நேரம். கரண்டும் இல்லை. பண்டிதரின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுலோகத்தை வாய்விட்டுப் படித்தேன். கடைசி அடியைக் கரையான் தின்றிருந்ததால் அங்கே நிறுத்தினேன்.

உள்ளறையிலிருந்து ஒரு குரல் அந்த அடியைச் சொல்லி முடித்தது.

சந்தம் கொஞ்சமும் பிசகவில்லை. அதை எழுதிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா கண்ணை மூடியே கிடந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன.

"இன்னைக்குப் போதுங்க. மிச்சத்தை நாளைக்கு எழுதுங்க. கண்ணு வலிக்கும்."

நானோ ஒரு பெண். என் குரலில் அவர் யாரைக் கேட்டார்? 'நான் உங்கள் கணவர் இல்லை' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"சரி, நாளைக்கு எழுதுறேன்" என்று வந்தது.

அவர் முகம் மலர்ந்து, அப்படியே தூங்கிப்போனார்.

கடையிலிருந்து திரும்பிய மகனிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்பா சத்தமாச் சொல்லித்தான் எழுதுவாரு. ஆனா அம்மாவுக்கு சமஸ்கிருதம் ஒரு எழுத்தும் தெரியாதுங்களே!" என்று திகைத்தார்.

அதன்பின் பலமுறை அங்கே படித்தும் அந்த அம்மா பேசவே இல்லை. புத்தகம் வந்துவிட்டது. அன்று பதில் சொன்னது நான்தானா என்பது மட்டும் எனக்கு இன்னும் நிச்சயமில்லை.