பொய் சொல்லாமல் முப்பது நாள்

என் மச்சான் தையல்காரர். ஒரே அறைதான் கடை. ஜன்னல் பக்கம் அவர் மெஷின், கதவுப் பக்கம் என் இஸ்திரி மேசை. ஐம்பது வயதிலும் உடம்பு ரப்பர் மாதிரி. ஒரு காலைத் தூக்கிக் கழுத்துக்குப் பின்னால் போட்டுக்கொண்டு பட்டன் தைப்பார். யோகியாகிவிட வேண்டும் என்று ஆசை வந்து, மாடியில் யோகா வகுப்பு எடுக்கும் டீச்சரிடம் போய் எல்லா வித்தையும் காட்டினார். டீச்சருக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. பகலில் ஆஸ்பத்திரி லேபில் வேலை.

“உடம்பு நல்லா வளையுது, அதெல்லாம் அப்புறம்” என்றாராம் டீச்சர். “முதல் பயிற்சி, முப்பது நாள் பொய் சொல்லக் கூடாது. நடுவுல ஒண்ணு சொன்னாலும் மறுபடி முதல்லேர்ந்து. வாயை அடக்காம மூச்சை அடக்கி என்ன பண்ணப் போறீங்க?”

கேட்டதும் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். ‘நாளைக்கு ரெடி’, ‘பட்டன் காஜா மட்டும்தான் பாக்கி’, இந்த இரண்டையும் பிடுங்கிவிட்டால் மச்சானுக்குத் தொழிலில் பேச வேறு வார்த்தை கிடையாது.

முதல் வாரத்தில் மூன்று தடவை முதல் நாளுக்குத் திரும்பினார். அப்புறம் வைராக்கியம் பிடித்துக்கொண்டது. பஸ் டிரைவர் ஒருவர் வந்து, “என் பேன்ட் என்னாச்சு?” என்றார்.

“இன்னும் வெட்டவே இல்லீங்க.”

“பத்து நாளா என்னய்யா பண்ணின?”

“நாலு நாள் மறந்துட்டேன். மிச்சம் சோம்பேறித்தனம்.”

டிரைவர் என் பக்கம் திரும்பினார். “இவருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?”

இரண்டு பேர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். இங்கே சொன்ன தேதிக்குக் கிடைக்கிறது என்று நாலு பேர் புதிதாக வந்தார்கள்.

முப்பதாம் நாள் சாயங்காலம், தைக்கக் கொடுத்திருந்த வெள்ளைக் கோட்டை வாங்க டீச்சரே வந்தார். மச்சானுக்கு வேர்த்துக் கொட்டியது. கோட்டுக் கை இரண்டும் குட்டையாகிப் போனது எனக்கும் தெரியும். “துணி சுருங்கிடுச்சுன்னு சொல்லு மச்சான், தப்பிச்சுக்கலாம்” என்று காதோரம் கிசுகிசுத்தேன்.

அவர் கோட்டை எடுத்து நீட்டினார். “டீச்சர், துணி மேல தப்பில்ல. நான்தான் செல்போன் பாத்துக்கிட்டே வெட்டிட்டேன். கை நாலு விரக்கடை குறைஞ்சு போச்சு.”

டீச்சர் முகம் சிவந்தது. “நாளைக்கு பெரிய டாக்டர் வர்றாருங்க! அறிவிருக்கா உங்களுக்கு?” என்று ஐந்து நிமிஷம் பிடிபிடியென்று பிடித்தார். பிறகு கோட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். கை, மணிக்கட்டுக்கு ரொம்ப மேலேயே நின்றுவிட்டது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“காலையில அஞ்சரைக்கு வகுப்பு. விரிக்கிற பாயை நீங்கதான் கொண்டு வரணும்.”

மச்சான் இரண்டு கையாலும் கும்பிட்டார். டீச்சர் வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

“நீங்களும் வர்றதா இருந்தா சொல்லுங்க. உங்களுக்கு அறுபது நாள்.”