நாயின் பின்பக்கம் யாருக்கு

கிரிசெல்டா ஓயார்சூனுக்கு வயது ஐம்பத்திரண்டு. சிலி நாட்டுத் துறைமுக நகரம் வல்பராய்சோவில் டப்பா மீன் வாங்கித் தின்ற எல்லாரும் அவள் கைவேலையைப் பார்த்திருக்கிறார்கள். அவளைப் பார்த்தவர்கள்தான் குறைவு. சூரை மீன், சிப்பி, பாகில் ஊறிய பீச் பழம் என்று இருபத்தாறு வருடமாக டப்பாக்களுக்கு லேபிள் வடிவமைத்து வந்தாள். சான் லினோ குன்றில், படிக்கட்டு முடிகிற உச்சியில் அவள் வீடு. அங்கே கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வேலை. டிசைன் என்பது ஒற்றை ஆள் செய்கிற காரியம் என்பது அவள் கட்சி. இரண்டாவது ஆள் எட்டிப் பார்த்தால் எழுத்து பெரிதாகும், மூன்றாவது ஆள் வந்தால் ஓரத்தில் பூ முளைக்கும் என்பாள்.

கோணல் அவளுக்கு ஆகாது. ஒரு தடவை மருந்துக்கடைப் பலகை அரை விரற்கடை சாய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடமே முக்காலி வாங்கி ஏறி நிமிர்த்தி வைத்தாள். மாத்திரை வாங்க வந்ததை மறந்து வீடு திரும்பினாள். அக்கம்பக்கத்தார் அவளைப் 'படம் போடுற அம்மா' என்பார்கள். "அஞ்சு நிமிஷ வேலைதான்" என்று ஞானஸ்நானத்துக்கு அழைப்பிதழ் கேட்பார்கள். மீன் விற்கிற நோல்ஃபா தன் பூனை காணாமல் போனபோது ஒரு நோட்டீஸ் கேட்டாள். கிரிசெல்டா மறுக்கவில்லை. எந்த எழுத்துருவில் போடுவது என்று மூன்று நாள் யோசித்தாள். அவள் முடிவுக்கு வருவதற்குள் பூனையே வீடு வந்து சேர்ந்துவிட்டது.

படிக்கட்டின் நடுவில் ரொட்டிக்கடை வைத்திருந்தவள் மிர்த்தா. குன்றின் குடியிருப்போர் சங்கத்துக்கும் அவள்தான் தலைவி. செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, சூடான ரொட்டி நாலைத் துணியில் சுற்றிக்கொண்டு மேலே ஏறி வந்தாள். இனாமாக ரொட்டி வந்ததுமே கிரிசெல்டாவுக்குச் சந்தேகம் தட்டியது.

"ஏ கிரிசெல்டா, நம்ம படிக்கட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போறோம். எல்லாருமாச் சேர்ந்து ஒரே ஒரு பெரிய படம். உன் பேரைப் போட்டுட்டேன்."

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"உன்னைக் கேட்டா மாட்டேன்னு சொல்லிருவே. அதான் கேக்கல."

"எத்தனை பேர் வரையறாங்க?"

"பன்னெண்டு வீடும்."

கதவைச் சாத்தப் போன கை நின்றது. படி தொண்ணூற்றாறு என்று அவளுக்குத் தெரியும். தினமும் எண்ணிக்கொண்டுதான் ஏறுவாள். வீட்டுக்கு எட்டு. மீதி இல்லை. இவ்வளவு சுத்தமாக வகுபடுகிற ஒன்றை மறுக்க அவளால் முடியவில்லை.

அவள் யோசனை இது. கால் வைக்கிற இடத்தில் பெயின்ட் கிடையாது. படியின் நெற்றியில், அதாவது நிமிர்ந்து நிற்கிற முகப்பில் மட்டும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் வெறும் பட்டைப் பட்டையான நிறம். கீழே தெருவில் நின்று அண்ணாந்தால் தொண்ணூற்றாறு நெற்றியும் ஒன்று சேர்ந்து முழுப் படமாகும்.

எதை வரைவது என்று பேச ரொட்டிக்கடையில் கூடினார்கள். ஒருத்தர் மாதாவை வரையலாம் என்றார்; மாதா மேல் ஏறிப் போவதா என்று நாலு பேர் எழுந்துவிட்டார்கள். கால்பந்துக் கிளப் கொடி என்றார் இன்னொருவர்; எந்தக் கிளப் என்பதில் ஒரு நாற்காலி உடைந்தது. கடைசியில் நோல்ஃபாதான் சொன்னாள்.

"ஏன் இப்படி அடிச்சுக்கிறீங்க? படியிலேயே படுத்துக் கிடக்குதே நாய், அதைப் போடுங்க. அது மேல யாருக்கும் கோவமில்லை."

எல்லாருக்கும் பிடித்துவிட்டது. யாருக்கும் சொந்தமில்லாத தெருநாய் அது. செம்பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் கறுப்பு. படிக்கட்டில் யார் ஏறினாலும் நாலு படி முன்னால் ஓடி, நின்று, வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கும்.

"நம்ம மினிஸ்த்ரோ!" என்றாள் மிர்த்தா.

"எந்த மினிஸ்த்ரோ? அது பேரு கனேலா" என்றாள் நோல்ஃபா.

"கனேலாவா? அது பொம்பளைப் பேரு. இது ஆம்பளை நாய்டீ!"

ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லத் தொடங்கியது. அந்த நாய் பத்து வீட்டில் பத்துப் பேரில் சாப்பிட்டு வந்தது அப்போதுதான் வெளியானது. மிர்த்தா வீட்டில் காலை ரொட்டி. நோல்ஃபா வீட்டில் மீன் தலை. அடுத்த வீட்டில் சோறு போடமாட்டார்கள் என்ற பரிதாபத்தில்தான் ஒவ்வொரு வீடும் போட்டிருந்தது. ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி எவாரிஸ்தோ சூன்யிகா மட்டும் வாயைத் திறக்கவில்லை. தெருநாய்த் தொல்லை என்று சங்கத்துக்கு மூன்று மனு எழுதிக் கொடுத்தவர் அவர்.

"சூன்யிகா ஐயா, உங்க வீட்டு வாசல்லதானே அது மத்தியானம் பூரா கிடக்குது?" என்றாள் நோல்ஃபா.

அவர் தொண்டையைச் செருமினார். "கப்பித்தான்" என்றார். "சாசேஜ் மட்டும்தான் குடுப்பேன். மிளகு போடாதது."

கிரிசெல்டா இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்தாள். படியேறுகிற நாய், திரும்பி நம்மைப் பார்க்கிறது. உச்சியில் தலையும் கண்ணும், கீழே இறங்க இறங்கக் கழுத்து, முதுகு, பின்பக்கம், வால், அடியில் பின்னங்கால்கள். கச்சிதமான படம். அட்டையில் அச்சு வெட்டினாள், உச்சிப் படியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் எண் போட்டாள், பெயின்ட் டப்பாவுக்கும் எண் போட்டாள். கூடவே ஒரு தாள்: 'எதையும் மாற்ற வேண்டாம். எதையும் சேர்க்க வேண்டாம். பூ வேண்டவே வேண்டாம்.'

தாள்களைக் கொடுத்த அன்று சாயங்காலமே சூன்யிகா மேலே ஏறி வந்தார். கோட்டு, டை, கையில் தாள்.

"இந்தாம்மா, எழுபத்திமூணாம் படிலேர்ந்து எண்பதாம் படி வரைக்கும் எனக்குக் குடுத்திருக்கீங்க. அது நாயோட எந்தப் பாகம்?"

"மேலேர்ந்து பத்தாவது வீடு... இடுப்புக்குக் கீழே, ஐயா."

"இடுப்புக்குக் கீழேன்னா?"

கிரிசெல்டா படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். இதை இன்னும் மரியாதையாகச் சொல்ல வழியில்லை. "பின்பக்கம்."

"நாப்பது வருஷம் துறைமுகத்துல எனக்குத் தெரியாம ஒரு பெட்டி உள்ள நுழைஞ்சதில்லை. எனக்கு நாயோட பின்பக்கமா?"

"உங்க வாசல்ல நின்னா ஒண்ணும் தெரியாது, ஐயா. வெறும் பழுப்புக் கோடு."

"கீழ நிக்கறவனுக்குத் தெரியுமே! 'அதோ அதுக்கு நேரா இருக்கே, அதான் சூன்யிகா வீடு'ன்னு வழி சொல்லுவான்!"

மறுநாள் ரொட்டிக்கடையில் இதே பேச்சு. வயிறு கிடைத்தவர்கள் கழுத்து கேட்டார்கள். கால் கிடைத்தவர் நாலு நகமும் தனக்கே வேண்டும் என்றார். வால் நிமிர்ந்திருந்தால் மானம் போகிறது என்றார் சூன்யிகா. இறக்கி வரைந்தால், வாலைக் காலுக்கு நடுவில் வைத்த நாயைப் பார்த்துப் பக்கத்துக் குன்றுக்காரன் கைகொட்டிச் சிரிப்பான் என்றாள் நோல்ஃபா. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். கிரிசெல்டா அன்று ஒரே சாயங்காலத்தில் அதை மூன்று முறை நிமிர்த்தி, இரண்டு முறை மடக்கி, கடைசியில் பக்கவாட்டில் சுருட்டி வைத்தாள்.

அதோடு முடிந்திருக்கும். நோல்ஃபாவின் விரல்தான் படத்தின் உச்சிக்குப் போனது.

"ஆமா, கண்ணு யார் வீட்டுக்கு முன்னாடி வருது?"

மிர்த்தா எட்டிப் பார்த்தாள். "கிரிசெல்டா வீட்டுக்கு."

"அடடா! வரைஞ்ச கைக்குக் கண்ணு, மத்தவங்களுக்குக் குடலும் வாலும். நல்லாத்தான் பங்கு வெச்சிருக்கீங்கக்கா!"

"நான் உச்சியில இருக்கேன், தலை உச்சியிலதானே வரும்..." என்று தொடங்கிய கிரிசெல்டாவுக்குக் காது மடல் வரை சிவந்தது. நாய் இறங்கி வருவதாக வரைந்திருந்தால் தலை கீழே போயிருக்கும். அந்த யோசனையும் முதலில் இருந்தது. ஏன் விட்டோம் என்று இப்போது அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. திருடி மாட்டிக்கொண்டவளைப் போல நின்றாள். பிறகு தாளை எடுத்து இரண்டு எண்களை அடித்து மாற்றி எழுதினாள்.

"கண்ணை சூன்யிகா ஐயா வரையட்டும். பின்பக்கத்தை நான் வரையறேன்."

சூன்யிகா டையைச் சரிசெய்துகொண்டார். "பொறுப்பான வேலை" என்றார்.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை. காலை மூடுபனி விலகியதும் பன்னிரண்டு வீடும் படியில் இறங்கின. முட்டியைத் தேய்த்துக்கொண்டு, டப்பாவைத் தட்டிவிட்டு, ஒருத்தர் பிரஷ்ஷை ஒருத்தர் திருடிக்கொண்டு வேலை நடந்தது. மிர்த்தா கறி அடைத்த எம்பனாதா ரொட்டி சுட்டு அனுப்பிக்கொண்டே இருந்தாள். நாய் வீடு வீடாகப் போய்த் தன் பதினொரு பேருக்கும் தனித்தனியாகப் பங்கு வாங்கியது. கிரிசெல்டா சூன்யிகா வீட்டு வாசலில் மண்டி போட்டு உட்கார்ந்து, வாழ்நாளில் எந்த லேபிளுக்கும் காட்டாத அக்கறையோடு நாயின் பின்பக்கத்தை வரைந்தாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

"நிழல் நல்லா விழுந்திருக்குக்கா. உருண்டையாவே தெரியுது" என்றாள் நோல்ஃபா.

"போடீ."

இருபத்தாறு வருட வேலையில் வரையும்போதே ஒருவர் பாராட்டியது இதுதான் முதல் தடவை. எதைப் பாராட்டினாள் என்பதை நினைத்தால்தான் சங்கடமாக இருந்தது.

நாலு மணிக்கு எல்லாரும் தெருவில் இறங்கி நின்று அண்ணாந்தார்கள். பாதம் சரி. வால் பிரமாதம். முதுகில் ஒரு இடத்தில் யாரோ ஒரு சின்னப் பூவைச் சேர்த்திருந்தார்கள். கிரிசெல்டா பல்லைக் கடித்துக்கொண்டாள். பார்வை தலைக்கு ஏறியது. அங்கே நின்றது.

மிர்த்தா வாயை ஏப்ரன் துணியால் பொத்திக்கொண்டாள்.

நாய்க்குக் கனத்த புருவம் இருந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு பை தொங்கியது. இமை பாதி மூடி, கருவிழி ஓரமாக ஒதுங்கி, 'பெட்டியில் என்ன?' என்று கேட்டது. உடம்பு நாய், பார்வை அப்படியே எவாரிஸ்தோ சூன்யிகா.

"ஐயோ, நம்ம ஆளு!" என்று நோல்ஃபா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கண்ணீர் முட்டியது. உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்த யாரோ ஒருவர், படத்தைப் பார்த்துத் தன்னையறியாமல் மூட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

கிரிசெல்டா சிரிக்கவில்லை. பழுப்புப் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் தூக்கிக்கொண்டு ஏறினாள். பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். புருவத்தை மூடினால் போதும். மேலே சூன்யிகா கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மூன்றாம் படியில் களைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவள் வெட்டிய அட்டை அச்சு பெயின்ட் படாமல் கிடந்தது. அதன் மேல் ஒரு சவரக் கண்ணாடி.

"இது எதுக்கு, ஐயா?"

"உங்க அச்சுல கண்ணுன்னு ரெண்டு பொட்டுதான் இருந்துது. நான் வரைஞ்சு பழக்கமில்லாதவன். கண்ணு எப்படி இருக்கும்னு எதையாவது பார்த்துத்தானே வரையணும்? கப்பித்தான் ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்குது." அவர் விரலெல்லாம் கறுப்புப் பெயின்ட். "ஆறு மணி நேரம் ஆச்சு. கீழேர்ந்து எப்படித் தெரியுது? ஏன் எல்லாரும் சத்தம் போடறாங்க?"

கிரிசெல்டா வாயைத் திறந்தாள். கீழே பார்த்தாள். தெருவில் கூட்டம் பெருகியிருந்தது. நாலு பேர் படத்தைப் பார்த்துப் பையைத் திறந்து காட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் லேபிள் போட்ட எந்த டப்பாவையும் யாரும் இப்படி நின்று பார்த்தது கிடையாது.

"பார்த்தா பயமா இருக்குதாம், ஐயா."

"இருக்கணும்" என்றார் சூன்யிகா திருப்தியோடு.

பிறகு அவரே இறங்கிப் போய்ப் பார்த்தார். கிரிசெல்டாவும் டப்பாவோடு பின்னால் இறங்கினாள். வெகுநேரம் பார்த்தார். நோல்ஃபா உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்றாள். "நாய்க்கு நல்ல லட்சணம்" என்றார் அவர். "யாரோ தெரிஞ்சவர் மாதிரி இருக்கு. யாருன்னுதான் பிடிபடல." அப்போதுதான் கிரிசெல்டாவுக்குச் சிரிப்பு வந்தது, வந்த பிறகு நிறுத்த முடியவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பழுப்புப் பெயின்ட் டப்பா காலில் கவிழ்ந்ததுகூடத் தெரியாமல் சிரித்தாள். அக்கம்பக்கத்தார் அவள் சிரித்துப் பார்த்ததேயில்லை. அவர்களும் நாயை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

நவம்பரில் பக்கத்துக் குன்றிலிருந்து மூன்று பேர் அவளைத் தேடி வந்தார்கள். அவர்கள் படிக்கட்டுக்கும் ஒரு படம் வேண்டுமாம், குதிரைப் படம். அவள் பென்சிலை எடுத்தாள்.

"படமெல்லாம் நாங்களே வரைஞ்சுட்டோம்மா" என்றார் வந்தவர்களில் மூத்தவர். "யாருக்கு எந்தப் பாகம்னு பங்கு பிரிக்கத்தான் ஆளில்லை. ரெண்டு வீட்டுக்காரங்க இப்பவே பேசறதில்லை. நீங்க அதுல கெட்டிக்காரின்னு சொன்னாங்க."

இருபத்தாறு வருடத் தொழிலுக்கு இப்படி ஒரு பேர் கிடைத்ததை நினைத்து அவளுக்குக் கோபம் வந்தது. அரைமணி நேரம்கூட அது தங்கவில்லை. சனிக்கிழமை அளவுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். யாரும் கூப்பிடாமலே சூன்யிகாவும் டை கட்டி வந்து நின்றார்.

"குதிரைக்கும் கண்ணு உண்டில்லையா?" என்றார்.

"உண்டு, ஐயா. வாங்க" என்று பெயின்ட் டப்பாவை அவர் கையில் கொடுத்தாள் கிரிசெல்டா.