ஒரு ஜாடி புளிக்காய்ச்சல்

என் மனைவி களத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். போளூருக்கு அழைத்துப்போய் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பும்போது, ஜீப்பில் அவள் கேட்டாள்: "இனிமே சோறு யாரு ஆக்கறது?"

"நான் ஆக்கறேன். எனக்குத் தெரியும்" என்றேன்.

ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சொன்னதை மாற்றிச் சொல்லக்கூட வாய் வரவில்லை. அப்படித்தான் நான் சமையல்காரன் ஆனேன்.

எனக்கு உண்மையில் தெரிந்தது வெந்நீர் வைப்பது. அதுவும் குளிக்க.

பக்கத்து வீட்டில் இருக்கும் அண்ணி, என் அண்ணன் மனைவி, முதல் நாளே ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்தார். அதை வாங்கிக்கொள்ளவும் எனக்குக் கூச்சம். "வேணாம் அண்ணி, ஆயிடுச்சு" என்றேன். அடுப்பு இன்னும் பற்றவே இல்லை. அது அவருக்கும் தெரிந்தது. கிண்ணத்தோடு திரும்பிப் போய்விட்டார்.

ஆண்பிள்ளை அடுப்புக்கு முன்னால் குந்தியிருப்பதை யாரும் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தேன். புகை போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றியது. நான் இருமுவேன், என் மனைவி இருமுவாள், கட்டிப்போட்ட ஆடும் இருமும். வெளியிலிருந்து அண்ணியின் குரல் வரும்: "இன்னா கொழுந்தனாரே, வூட்டுக்குள்ள கரி மூட்டம் போடறீங்களா?"

என் மனைவி யோசனை சொல்லாமல் இல்லை. மூலையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொல்வாள்.

"கொல்லிக் காட்டு வேலைக்குப் போறதுக்கு முன்ன சாமைய அரிச்சு ஊறப் போட்டுட்டுப் போங்க. வந்தா சட்டுனு வெந்துடும்."

"தெரியும்."

"தெனம் தெனம் புளிய ஊறப்போட்டுக் கரைக்காதீங்க. ஒருநாள் மொத்தமா காய்ச்சி ஜாடில வெச்சிட்டா, ஒரு கரண்டி எடுத்து சோத்துல பெசைஞ்சா முடிஞ்சது வேலை."

"புளியப் பத்தி எனக்கா சொல்ற?"

புளியமரம் ஏறி உலுக்குவதுதான் என் தொழில். எங்கள் மரங்கள் மட்டுமல்ல, ஊரில் யார் மரமாக இருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எந்தக் கிளை தாங்கும், எந்தப் பழம் இன்னும் ஓட்டை விட்டுப் பிரியவில்லை என்பதெல்லாம் கீழே நின்றே சொல்லிவிடுவேன். ஆனால் அந்தப் பழம் குழம்பாக மாறுவதற்குள் என்ன நடக்கிறது என்று இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட எட்டிப் பார்த்ததில்லை. அவசரத்தில் பச்சைத் தண்ணீரில் பிசைவேன். கொட்டையும் நாருமாகக் குழம்பில் மிதக்கும். கட்டுப் போட்டதிலிருந்து என் மனைவி இடது கையால்தான் சாப்பிட்டாள். ஒவ்வொரு கொட்டையாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்பாள். தட்டு நிறையக் கொட்டை சேர்ந்திருக்கும்.

"குக்கர்லயாவது வைங்களேன்" என்று ஒருநாள் கெஞ்சினாள். வைத்தேன். முதல் விசிலுக்கு நான் வாசலில் நின்றேன். எப்போது எழுந்தேன், எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது.

"மரத்து உச்சில நின்னுக்கினு கெளைய ஒலுக்கறீங்க. ஒரு விசிலுக்கு இந்த ஓட்டமா?" என்று சிரித்தாள். விழுந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. குக்கரைத் தூக்கிப் பரணில் வைத்தேன்.

இப்படியே போனதில் மத்தியானச் சோறு சாயங்காலம் ஆனது. அவள் இளைத்தாள். நானும் இளைத்தேன், ஆனால் என்னைப் பார்த்துக் கவலைப்பட அண்ணன் தம்பி யாரும் வரவில்லை. அவளுக்கு வந்தார்.

செங்கத்தில் இருக்கும் அவள் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப்பில் வந்து இறங்கினார். தங்கச்சியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், தீய்ந்த பாத்திரத்தைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்காமல் சொன்னார்: "மாப்ள, கட்டு பிரிக்கற வரைக்கும் தங்கச்சிய எங்க வூட்டுக்கு இட்டுனு போறேன். மத்தியானம் ஜீப்பு திரும்பும்போது கெளம்பிடறோம்."

அவள் போகக் கூடாது என்று எனக்கு இருந்தது. ஒரு வாரம், பத்து நாள் கதை இல்லை இது. அவள் இல்லாத வீட்டில் யாரிடம் நான் "தெரியும்" என்று சொல்வேன்? அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்லவேண்டிய நேரம் அது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:

"சாப்ட்டுட்டுப் போங்க."

வேறு யாராவது இவ்வளவு நன்றாக மனைவியை வழியனுப்பி வைத்திருப்பார்களா என்று தெரியவில்லை. அதுவும் வீட்டில் சாப்பாடே இல்லாதபோது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். கதவைச் சாத்தப் போன கை பாதியில் நின்றது. திறந்தே விட்டேன்.

"இன்னா செய்யணும், சொல்லு" என்றேன்.

அவள் மூலையில் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். "சொல்றேன். நடுவுல தெரியும்னு ஒரு வார்த்தை வந்துச்சு, நான் எழுந்து போயிடுவேன்."

"தெ..." என்று ஆரம்பித்து விழுங்கினேன்.

முதலில் சாமையை அரிக்கச் சொன்னாள். தண்ணீர் விட்டு, பாத்திரத்தைச் சுழற்றி, மேலே வரும் சாமையை மட்டும் இன்னொரு பாத்திரத்துக்குத் தள்ளவேண்டும். கடைசியில் அடியில் கல் தங்கும். தங்கியிருந்த கல்லைப் பார்த்தபோது, இத்தனை நாள் நாங்கள் களத்தையும் சேர்த்துத்தான் சாப்பிட்டிருக்கிறோம் என்று புரிந்தது. சாமை ஊறட்டும் என்று விட்டுவிட்டு, அந்த நேரத்தில் புளியை வெந்நீரில் போட்டுக் கரைத்து வடிகட்டினேன். நல்லெண்ணெயில் கடுகு, மிளகாய், பெருங்காயம். அதில் புளியை ஊற்றிக் கொதிக்கவிடச் சொன்னாள்.

"இன்னும் புளி போடுங்க."

"போதாதா?"

"இன்னும். பெரிய ஜாடிய எடுத்து வைங்க."

ஜாடியை எடுத்து வைத்தேன். ஒரு வேளைக்கு எதற்குப் பெரிய ஜாடி? நான் தனியாகக் கிடந்து தின்பதற்காகச் செய்யவைக்கிறாளா? கேட்டுவிடலாம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாள். கேட்காமல் கிளறினேன். எண்ணெய் மேலே பிரிந்து வரும்வரை கிளறினேன்.

குக்கர் பரணிலிருந்து இறங்கியது. விசில் வந்தபோது நான் அடுப்பின் பக்கத்திலேயே நின்றேன். கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன்.

வாசலில் உட்கார்ந்திருந்த மச்சானுக்குத் தட்டு வைத்தேன். திறந்த கதவு வழியாக அண்ணி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து நின்றார். மச்சான் ஒரு வாய் எடுத்து, பல்லுக்குப் பயந்தவர்போல மெல்லக் கடித்தார். அப்புறம் வேகமாகக் கடித்தார்.

"கல்லே இல்லையே" என்றார்.

"இன்னிக்குத்தான் கொழுந்தனார் அரிச்சாரு" என்றார் அண்ணி.

ரோட்டில் ஜீப் ஹாரன் அடித்தது. மச்சான் கை கழுவிக்கொண்டு எழுந்தார். "துணி எடுத்து வெச்சியாம்மா?" என்று தங்கச்சியைக் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். காலையில் பார்த்த அதே பார்வை. அண்ணி பார்த்தார், மச்சான் பார்த்தார், ஜீப் டிரைவரும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. கையில் இருந்த புளிக்காய்ச்சல் ஜாடியைத் தூக்கிக் காட்டினேன்.

"மச்சான், ஜாடி ரொம்பப் பெருசா இருக்குது. ஒருத்தனால தின்ன முடியாது."

அண்ணிதான் முதலில் சிரித்தார்.

"அதுக்குத்தான் பெரிய ஜாடி எடுக்கச் சொன்னேன்" என்றாள் என் மனைவி. "நீ கெளம்பு அண்ணா. ஜீப்பு போயிடப் போவுது."

மச்சான் ஒரு டப்பாவில் புளிக்காய்ச்சல் வாங்கிக்கொண்டு தனியாக ஜீப் ஏறினார்.

மறுநாள் அவள் எழுந்திருக்கும் முன்பே நான் சாமையைத் தண்ணீரில் போட்டு மூடி வைத்துவிட்டேன். கொல்லிக்குக் கிளம்பும்போது பெருமையாகச் சொன்னேன்: "சாமை ஊற வெச்சிட்டேன்."

"அரிச்சீங்களா?"

தெரியும் என்று சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்து வைத்துவிட்டு உள்ளே போனேன்.