ஆடி முடியட்டும்

எங்கள் ஆபீஸ் கடலூரில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் ரத்தம் பரிசோதிக்கும் லேப்கள் சில எங்கள் சர்வருக்கு ரிப்போர்ட் அனுப்பும். ஆஸ்பத்திரிக்காரர்கள் அதில் திறந்து பார்த்துக்கொள்வார்கள். சர்வர் என் பொறுப்பு.

ஆடி பிறந்த வாரம் ஓர் எச்சரிக்கை வந்தது. ரிப்போர்ட்டுகளைப் பூட்டி அனுப்பும் என்கிரிப்ஷன் மென்பொருளில் ஒரு கோளாறு. உள்ளே வர நினைப்பவர் காட்டும் டிஜிட்டல் சான்றிதழை அது சரிபார்க்கும். வேண்டுமென்றே கோணலாகச் செய்த ஒன்றைக் காட்டினால் அதையே சரிபார்த்துக்கொண்டிருக்கும், முடிக்கவே முடிக்காது. எதுவும் திருட்டுப் போகாது. மற்ற யாருக்கும் பதில் வராது, அவ்வளவுதான். திருத்திய பதிப்பும் கூடவே வந்திருந்தது.

முதலாளியிடம் சொன்னேன். பழைய சிநேகிதன், ஆடியில் செருப்புகூட மாற்றமாட்டான்.

"ஆடியில புதுசா ஒண்ணும் ஏத்த வேணாம் மச்சான். ஆவணி பொறக்கட்டும்."

கிண்டல் செய்திருக்கலாம். ஏற்றினால் சர்வர் சற்று நேரம் நிற்கும் என்று லேப் லேபாக போன் போட்டுச் சொல்ல வேண்டும். எனக்கும் சோம்பல். சரியென்று தலையாட்டினேன்.

மூன்றாவது வாரம், ஒரு நாள் பதினோரு மணிக்கு சர்வர் திணறியது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, யாரோ அந்தச் சான்றிதழை விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தி ஓடவிட்டேன். இரண்டு நிமிடத்தில் மறுபடி நின்றது. "அப்பிடியே ஓட்டு மச்சான், இன்னும் பத்து நாள்தான்" என்றான் முதலாளி. அப்படியே ஓட்டினேன். இடையில் டீ குடித்தேன். எத்தனை ஆஸ்பத்திரிகள் காத்திருக்கும் என்று நினைக்கவேயில்லை.

நாலு மணிக்குத் தங்கை போன் செய்தாள். அப்பாவை அன்று காலைதான் கீரப்பாளையத்திலிருந்து சிதம்பரத்துக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். கிட்னி தொந்தரவு புதிதில்லை என்பதால் நான் ஆபீசுக்கு வந்துவிட்டேன்.

"அண்ணா, அப்பாவுக்கு மூச்சு வாங்குது. ரத்தம் எடுத்து எவ்ளோ நேரம் ஆவுது, ரிப்போர்ட் இன்னும் வரல. டாக்டர் அதுக்குத்தான் நிக்கிறாரு. லேப்புக்கு அடிச்சா லைனே கெடைக்கல. இங்க ஆஸ்பத்திரியில கேட்டா உங்க சர்வர்தானாம், கொஞ்சம் பாருண்ணா."

யாரையும் கேட்கவில்லை. திருத்திய பதிப்பை ஏற்றினேன். ஏழு நிமிடம் ஆனது. தேங்கிக் கிடந்த ரிப்போர்ட்டுகள் வரிசையாகப் போயின. அப்பாவுடையதைத் திறந்தேன். பொட்டாசியம் சிவப்பில் இருந்தது, இதயத்தையே நிறுத்திவிடும் அளவு. லேப் அதைப் பன்னிரண்டரைக்கே அனுப்பியிருந்தது.

உடனே சிதம்பரத்துக்குக் கிளம்பினேன். பஸ் பு.முட்லூரைத் தாண்டும்போது அப்பா இறந்துவிட்டார் என்று போன் வந்தது. எனக்கு அழுகை வரவில்லை. நடத்துநர் கொடுத்த டிக்கெட்டை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரை நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

கருமாதியன்று தங்கை சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் மட்டும் இல்லன்னா அந்த ரிப்போர்ட்டே வந்திருக்காது. நான் போன் பண்ணி பத்து நிமிஷங்கூட ஆவல, சரி பண்ணிட்டாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.