மூன்று தட்டு

என் அக்காவைத் தொழிற்சாலையில் எல்லோரும் எலி என்றுதான் கூப்பிடுவார்கள். போர் விமானத்தின் இறக்கைக்குள் தவழ்ந்து போக அவளைப் போல் ஒல்லியான ஆள் அங்கே கிடையாது. ராணுவம் நடத்திய போட்டிக்காக எங்கள் கம்பெனி செய்த மாதிரி விமானம் அது. ஒன்றே ஒன்றுதான். ஜெயித்தால் வருஷக்கணக்கில் வேலை, தோற்றால் கொட்டகைக்குப் பூட்டு. நான் பெயின்ட் பிரிவு; என் பிழைப்பும் அந்த இறக்கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

தகடுகளைச் சேர்த்து ரிவெட் ஆணி அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ரிவெட் கன்னோடு அத்தான், உள்ளே இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்தபடி அக்கா. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, அந்தச் சத்தத்தில் பேச்சும் கேட்காது. அதனால் அவள் தகட்டில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு என்றால் சரி. மூன்று என்றால் கெட்டுப்போச்சு, பிடுங்கி எறி. வீட்டிலும் இதே கூத்துதான். சாப்பிட்டு முடித்து அத்தான் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், அக்காவுக்கு முகமெல்லாம் பல்.

ஒரு நாள் அத்தானின் கை வழுக்கி, வலது இறக்கையின் அடித்தகடு கிழிந்தது. இன்ஜினியர் வந்து பார்த்து ஒட்டுத் தகடு வைக்கச் சொன்னார். முன்பைவிட உறுதியாகத்தான் இருந்தது. ஆனாலும் அக்கா அவரிடம் கெஞ்சினாள். "சார், இத மேல சொல்லாதீங்க. அவர் மானம் போயிடும்." அந்த நல்ல மனுஷனும் வாயைத் திறக்கவில்லை. என்னிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

போட்டி நாளில் ராணுவ அதிகாரிகள் வந்தார்கள். இன்ஜினைப் பார்க்கவில்லை, வேறு எதையும் பார்க்கவில்லை. நேரே வலது இறக்கைக்குப் போய், "இந்தத் தகட்டக் கழட்டுங்க" என்றார்கள். மறைத்த ஒட்டு வெளிச்சத்துக்கு வந்தது. சொல்லாமல் மறைத்ததே குற்றம் என்றார்கள்; விமானம் தரையைவிட்டு எழும்பாமலே தோற்றது. இன்ஜினியரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லாம் தன்னால்தான் என்று அக்கா சாப்பிடாமல் கிடந்தாள்.

மறுவாரம் அத்தான் புதுச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். ஜெயித்த கம்பெனியில் அவருக்கு வேலையாம்.

"உனக்கும் சேத்துப் பேசிட்டேன். உன்ன மாதிரி ஆள் அவங்களுக்கும் வேணுமாம்."

அக்கா அவரையே பார்த்தாள். "அந்த ஒட்டப் பத்திச் சொன்னது நீங்கதானா?"

"சொன்னாத்தான் வேலைன்னாங்க. எப்படியும் நாம தோத்துத்தான் இருப்போம். குடும்பத்த நான் பாக்க வேண்டாமா?"

"உங்க மானத்துக்காகத்தானே மறைச்சேன்."

"நானா மறைக்கச் சொன்னேன்?"

வாய் கூசாமல் கேட்டுவிட்டு, கடைக்குப் போகிறவர்போல் வெளியே நடந்தார். கூடவே இருந்து குழி பறித்த ஆளை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் எழுந்தேன். அக்கா என் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, கதவைத் தாழிட்டாள்.

சாயங்காலம் வந்து கதவைத் தட்டினார். "இன்னும் கோவமா? சரி, பேச வேண்டாம். ரெண்டு தட்டு தட்டு, போதும்."

அக்கா கதவருகே போனாள். இளகிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவர் மேல் உயிரையே வைத்திருந்தவள். விரலை மடக்கி நிதானமாகத் தட்டினாள். ஒன்று. இரண்டு. வெளியே அத்தான் சிரிப்பது கேட்டது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மூன்றாவதும் தட்டினாள்.