பின்வரிசைத் தட்டு

மருமகள் ஓட்ஸும் சாக்லேட் துண்டுகளும் போட்டுப் பிஸ்கட் மாவு பிசைந்து ஓவனில் வைத்தாள். "நடுவுல கதவத் திறந்துராதீங்க அத்தை" என்றாள். நான் ஓவன் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நான் சிறுமியாக இருந்தபோது தாராவியில் எங்கள் சந்தில் யார் வீட்டிலும் ஓவன் கிடையாது. மைதா, சீனி, டால்டா பிசைந்து, தட்டில் அடுக்கி பேக்கரிக்குக் கொண்டுபோவோம். பாவ் ரொட்டி எடுத்தபிறகு, அடுப்பின் மிச்சச் சூட்டில் எல்லார் தட்டையும் பேக்கரிக்கார பாய் உள்ளே தள்ளுவார்.

அன்றைக்கு அக்காவைப் பெண் பார்க்க மாஹிமிலிருந்து வருகிறார்கள். பேக்கரி வாசலில் நிற்கும்போதே கருகல் வாசம் வந்தது.

"பாய், எங்க தட்டு பின்னால, சூடு கூடின பக்கம் இருக்கு. தொறங்க" என்றாள் அம்மா.

"இப்பத் தொறந்தா மத்தவங்க மாவு வேகாது. ருக்கோ, கொஞ்சம் பொறுங்க."

"ஒம் மாப்பிள்ளைக்காக எம் பிள்ளைங்க பச்ச மாவு திங்கணுமோ?" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

பாய் கதவைத் திறந்தபோது எங்கள் பிஸ்கட் எல்லாம் அடி கருப்பு. வீட்டில் அவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வேறு செய்ய நேரமில்லை. அக்கா கத்தியால் கருகலைச் சுரண்டினாள். சுரண்டின பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கிக் கொண்டுபோய் வைத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா ஒன்றை எடுத்தார். திருப்பிப் பார்த்தார்.

"பின்வரிசையில வச்சிட்டானா?" என்று கேட்டார். "எங்க பேக்கரிக்காரனும் இப்படித்தான். சண்டை போட்டு முன்னால வைக்கச் சொல்லணும் மைனி."

சம்பந்தம் முடிந்த மாதிரி, மைனி என்று உறவு சொல்லியே கூப்பிட்டுவிட்டார். அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு, "ஏட்டி, டீ கொண்டா" என்றாள்.

அக்கா இன்றைக்கும் மாஹிமில்தான் இருக்கிறாள்.