பன்னீர் ரோஜா வேலி

என் கணவர் போனபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இருந்தது, சுற்றுச்சுவர் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மைசூரின் விளிம்பில் புதிதாகப் பிரித்த லேஅவுட்டில் வீட்டை முக்கால்வாசி கட்டியிருந்தோம். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு இந்தப் பக்கம் நெடுஞ்சாலையில் அவருடைய ஸ்கூட்டர்மேல் லாரி மோதியது. காரியம் முடிந்ததும், கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்திருந்த உறவினர் எல்லோரும் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வந்துவிடச் சொன்னார்கள். நான் வரவில்லை என்றேன். அவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் அலுவலகத்திலேயே எனக்கு வேலை கொடுத்திருந்தார்கள். மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். ஊருக்குப் போய் யாருடைய அடுப்படியில் நிற்பது?

சுவர் இல்லாத வீடு எல்லோருக்கும் குறுக்குவழி. மாடுகள் வந்தன. சாயங்காலம் சாராயக் கடைக்குப் போகிறவர்கள் ஜன்னலை ஒட்டியே நடந்தார்கள். ஒருவன் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். மறுநாளே முள்வேலி போடுவது என்று தீர்மானித்தேன். வாங்குகிற முள் இல்லை, வளர்கிற முள்.

அலுவலகத்துக்குப் போகிற வழியில் ஒரு பழைய பங்களாவை இடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் வாசலோரம் செங்கல் தூளுக்கு நடுவே பன்னீர் ரோஜா பூத்துக்கொண்டிருந்தது. வெளிர் சிவப்பு, கொத்துக் கொத்தாக. தண்ணீர் ஊற்றி எத்தனை மாதமோ. கான்ட்ராக்டரிடம் கேட்டபோது, எப்படியும் லாரியில் போகப்போகிறது, வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள் என்றார். ஈரச் சாக்கில் குச்சிகளைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். முள் சாக்கைத் துளைத்துப் புடவையைத் துளைத்துத் தொடையில் குத்தியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

நர்சரிகளில் அப்போது பெரிய பெரிய ஒட்டு ரோஜாக்கள்தான். ஒரு தண்டில் ஒரு பூ, மணம் கிடையாது, மருந்து அடிக்காவிட்டால் இலையெல்லாம் கறுத்துப்போகும். பன்னீர் ரோஜாவுக்கு மருந்து வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீரும் துணி அலசிய தண்ணீரும் போதும். எங்கள் மண் சரளைக்கல், கடப்பாரை இறங்காது. அதிலும் பிடித்துக்கொண்டது. ஒரே குறை, அடிப்பாகம் மொட்டையாக நின்றது. ஆட்டுக்குட்டி நுழையும் அளவுக்குச் சந்து. அதை அடைக்க நீலச் சங்குப்பூ விதை போட்டேன். மூலையில் ரங்கூன் மல்லிக் கொடி ஒன்றை வைத்தேன். கட்டட வேலையில் மிஞ்சிய கம்பிகளை நட்டு அதன்மேல் ஏற்றினேன். சங்குப்பூ ரோஜாவின் முள்ளையே பிடித்துக்கொண்டு ஏறியது. அதன் நிழலில் ரோஜாவின் வேர் கோடையிலும் காயவில்லை. ரங்கூன் மல்லிதான் அடங்காதது. ஞாயிறுதோறும் அதை வெட்டிவிடுவேன். விட்டால் ரோஜாவை அமுக்கிவிடும். மூன்றாம் வருடம் எங்கள் முன்பக்கத்தில் ஒரு பூனைகூட நுழைய முடியவில்லை.

அப்புறம்தான் தெருவுக்கு எங்கள் வீடு கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை காலையில் பாதிப் பூ இருக்காது. விடியும் முன்பே பிள்ளைகளை அனுப்பிப் பறித்துக்கொள்வார்கள். அதுகூடப் பரவாயில்லை. வரமகாலட்சுமி பூஜைக்கு என் பூ போகும், மஞ்சள் குங்குமத்துக்கு என்னை அழைக்க மாட்டார்கள். எதிரில் வந்தால் ஒதுங்கிப் போவார்கள். கணவனை இழந்தவள் கையால் பூ வாங்கக் கூடாதாம், அவள் வேலியிலிருந்து திருடலாமாம்.

ஒரு ஆவணி மாதம், கேட்டில் ஒரு தகரப் பலகையை மாட்டினேன். பூ வேண்டுபவர்கள் மணியடித்து என் கையால் வாங்கிக்கொள்ளலாம், பறிக்கக் கூடாது என்று மகள் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் படித்ததால் அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் நன்றாக வரும். அந்த வாரம் யாரும் மணியடிக்கவில்லை. பூக்கள் செடியிலேயே உதிர்ந்தன. தெருவில் பேச்சு கிளம்பியது, திமிர் என்று. திமிர்தான். மறுக்கவில்லை.

முதலில் வந்தவர் எதிர் வீட்டு கன்னடத்து அம்மாள். ஆசிரியர் மனைவி, பூஜை புனஸ்காரத்தில் தெருவுக்கே அவர்தான் முன்னால் நிற்பார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு தட்டை நீட்டினார். உள்ளே இருந்து கூடையைக் கொடுத்து, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன், அவரைச் சோதிக்கத்தான்.

"இல்ல. நிம்ம கையிந்தலே கொடி," என்றார். உங்கள் கையாலேயே கொடுங்கள் என்று அர்த்தம். உள்ளேயிருந்து கேட்ட மகள், அந்த அம்மாளுக்குக் கொடியும் வேண்டுமாம் என்று சிரித்தாள்.

பிறகு மற்றவர்களும் வந்தார்கள். எல்லோரும் இல்லை. வராதவர்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை. நீங்களே ஏன் ஒரு பூ வைத்துக்கொள்ளக் கூடாது என்று அலுவலகத்தில் ஒருத்தி கேட்டாள். எனக்கு அதில் முன்பும் ஆசை கிடையாது, தலைவலி வரும். வேண்டாம் என்று நானாக விடுவது வேறு, கூடாது என்று பிறர் சொல்லி விடுவது வேறு. அதனால் தலைவலியோடு மாதத்தில் ஒருநாள் வைத்துக்கொண்டு போனேன்.

அந்தச் செய்தி கொள்ளேகால்வரை போய்ச் சேர்ந்தது. என் கணவரின் அண்ணன் புறப்பட்டு வந்தார். அவர் மகனுக்கு மைசூரில் காலேஜ். எங்கள் மனையில் ஒரு ரூம் போட்டு அவனைக் குடிவைக்க வேண்டும் என்று முன்பே பேச்செடுத்திருந்தார், நான் பிடி கொடுக்கவில்லை. நான் ஷிப்ட் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தபோது முன்பக்கம் வெட்டவெளியாக இருந்தது. இரண்டு ஆட்களை வைத்து ரோஜாவையும் கொடியையும் தரையோடு வெட்டிக் குவித்திருந்தார். அவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது முடித்த முகம்.

"பாம்படையுது. செவுரு கட்டிக்கலாம்," என்றார். கூடவே, "பூ வெக்கக் கூடாத பொம்பளைக்குப் பூச்செடி எதுக்கு அம்மிணி? எந்தம்பி ஊடு, கண்டவனெல்லாம் வந்து கேட்டுல நிக்கறான்."

"உங்க தம்பி ஊடுதானுங் மாமா. இப்ப அதுல இருக்கறது நானுங். செவுரும் நாந்தான் சொல்லோணும், ரூமும் நாந்தான் சொல்லோணும். சொல்ல மாட்டனுங்," என்றேன்.

அவரை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மகள் முன்பே கொண்டுவந்து வைத்திருந்த காபி வாசல்படியில் அப்படியே ஆறியது.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அது ஆடிச் சாரல் காலம். ரோஜாக் குச்சி நடுவதற்கு வருடத்தில் அதைவிட நல்ல சமயம் கிடையாது. குவியலைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரிவாள்மணையை எடுத்து வந்து உட்கார்ந்தேன். பென்சில் கனமுள்ள தண்டுகளைச் சாண் சாணாக நறுக்கினேன், மகள் இலையைக் கிள்ளிப் போட்டாள். மறுநாள் லீவு போட்டேன். முன்பக்கம் மட்டும் இருந்த வேலியை இப்போது நான்கு பக்கமும் போட்டோம். எதிர் வீட்டு அம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு கடப்பாரையோடு வந்து, எதுவும் கேட்காமல் குழி போட ஆரம்பித்தார்.

நட்டதில் பாதியைக் கரையான் தின்றது. மிச்சம் துளிர்த்தது. பழைய அடிக்கட்டைகளும் துளிர்த்தன. ஒட்டுச் செடியாக இருந்திருந்தால் கீழிருந்து காட்டு ரோஜாதான் வந்திருக்கும். இது தன் சொந்த வேரில் நிற்பது, அதே பூதான் பூத்தது. சங்குப்பூ யாரும் விதைக்காமலே முளைத்தது. ரங்கூன் மல்லி மட்டும் வரவில்லை, அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை. அந்த இடத்தில் முல்லை வைத்தேன்.

அடுத்த தை மாதம் கணவரின் அண்ணன் மறுபடி வந்தார், தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு. கேட்டின் இரண்டு பக்கமும் ரோஜா வளைந்து நின்றது. உள்ளே வரத் திரும்பியவரின் சட்டைக்கை முள்ளில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் கிழியும். பத்திரிகைத் தட்டோடு அப்படியே நின்றார். நான் போய் முள்ளை ஒவ்வொன்றாக விடுவித்தேன். அவசரப்படவில்லை.

காபி குடித்தார். வேலியைப் பற்றியோ ரூமைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது, "முந்துன நாளே வந்துரு அம்மிணி," என்றார்.

முந்தின நாளே போனேன். முகூர்த்தத்தின்போது மணவறைக்கு நேர் எதிரே, சுமங்கலிகள் உட்கார்ந்திருந்த வரிசையில் என் மகளோடு உட்கார்ந்தேன். அவரும் பார்த்தார், மற்றவர்களும் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.